நர்சம்மாவை யார் கேட்பது?



செவிலியர் நாள் கூட்டத்துக்கு என்று என்னை அழைத்தார்கள். மே 12, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். அந்த அம்மையாரைப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவர் கையில் இருந்த விளக்கைத்தான் பேசுவார்கள். நான் அவர் போட்ட கணக்கைப் பேசப்போகிறேன். கிரிமியப் போரில் குண்டடி பட்டுச் செத்த சிப்பாய்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம் என்று எண்ணிக் காட்டியவர் அவர். அதை வரைபடமாகப் போட்டு பிரிட்டிஷ் அரசின் முகத்துக்கு நேரே நீட்டினார். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் முதன்முதலாக ஒரு பெண்ணை உறுப்பினராக்கியது. அந்தப் பெண் இவர்தான். இந்த நாட்டு மண்ணை மிதிக்காமலே, இங்கிருந்த ராணுவ முகாம்களுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்பினார். குடிதண்ணீர் எப்படி, சாக்கடை எப்படி என்று கேட்டு வாங்கினார். 1863இல் வெளிவந்த அறிக்கைக்கு அதுதான் அடிப்படை. உலகம் கும்பிடுகிற முதல் செவிலியர், கேள்வி கேட்ட செவிலியர்.

இன்றைக்கு நம்ம ஊர் நர்சம்மாவின், அதாவது கிராம சுகாதாரச் செவிலியரின், நிலை என்ன? கேள்வியை டெல்லியிலும் சென்னையிலும் யாரோ எழுதுகிறார்கள். படிவத்தில் கட்டத்தை நிரப்புவது மட்டும் இவர் வேலை. பதில் சொல்லுகிற பெண்ணிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் குறைவு. நிரப்புகிற பெண்ணிடம், "நீ நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்க இடமே இல்லை. இந்த இரண்டும் ஒரே குறைதான் என்பது என் கட்சி. அதை வழக்காடத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

குறையைச் சொல்லும் முன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 1992-93 முதல் நடந்துவருகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தவை. 2018-20 கணக்கின்படி, உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. அந்த 3,000 பேரும் ஒரே தெருவிலா குடியிருக்கிறார்கள்? நம் தேனி மாவட்டத்தில் வருசநாட்டுக்கு மேலே அரசரடி, வெள்ளிமலை, பொம்மராஜபுரம் என்று மலைக்குள் சிதறிக் கிடக்கிற குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு கர்ப்பிணிக்குப் பிக்மி என்கிற அரசின் கர்ப்பப் பதிவு எண் வாங்கி, ரத்தம் பார்த்து, தேதி கணக்கிட்டு, வலி எடுக்கும் முன்பே க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவருவதற்குள் நர்சம்மாவுக்கு எத்தனை நடை, எத்தனை போன்! அந்த நடையின் கூட்டுத்தொகைதான் 99.6.

நம் வட்டாரத்துக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையானவன் இல்லை. 1980களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலை நாடெங்கும் செய்தியானது. அதைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் வந்தது. சிசுக் கொலையை வைத்து அல்லிநகரத்துக்காரர், இயக்குநர் பாரதிராஜா 1994இல் 'கருத்தம்மா' படத்தை எடுத்தார். குடும்ப நலத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. படத்தைப் பார்த்துவிட்டுக் கள்ளிப்பால் கொடுத்த கிழவியை எல்லாரும் திட்டினோம். சரி, பெற்றவளிடம் "உனக்கு எத்தனை பிள்ளை வேணும், எப்ப வேணும்?" என்று அன்றைக்குக் கேட்டவர் யார்? புருஷன் கேட்டானா, மாமியார் கேட்டாரா, ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்களா? வாசல்படி ஏறிக் கேட்டவர் நர்சம்மா ஒருவர்தான்.

அந்தக் கேள்விக்கு நாடு என்ன பதிலைத் தயாராக வைத்திருந்தது என்று பாருங்கள். அதே ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான ஆபரேஷன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இந்தியா முழுவதற்கும் சேர்த்தே 0.3 சதவீதம்தான். ஆணுக்குச் செய்வது சின்ன ஆபரேஷன். ஆனால் படுக்கையில் கிடப்பது பெண். ஆண்கள் எப்போதுமே இப்படித்தானா? இல்லை. குமுளியைத் தாண்டிய கேரளத்தில், 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் கட்டாயப்படுத்தி ஆண்களைப் பிடித்தார்கள். ஆண்கள் ஓட்டுப்பெட்டியில் பதில் சொன்னார்கள். அதன்பின் அரசுகள் ஆணிடம் போகத் தயங்கின. பாரம் முழுவதும் பெண்ணின் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது.

கணக்கெடுப்பிலேயே இந்தச் சாய்வு இருக்கிறது. ஐந்தாம் சுற்றில் நாடு முழுவதும் 7,24,115 பெண்களிடம் கேள்வி கேட்டார்கள். ஆண்கள் 1,01,839 பேர். ஏழு பெண்ணுக்கு ஓர் ஆண்! அப்படிக் கேட்கப்பட்ட ஆண்களில் 35 சதவீதம் பேர், "கர்ப்பத்தடை பொம்பளை சமாச்சாரம்" என்றார்கள். கர்ப்பத்தடை செய்துகொண்ட பெண்களிலோ, பக்கவிளைவுகளைப் பற்றி எப்போதாவது யாராவது சொன்னார்கள் என்றவர்கள் 62 சதவீதம் பேர் மட்டுமே. மீதிப் பேருக்கு, தங்கள் உடம்பில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

பிரசவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 குழந்தைகள் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவை. தனியார் மருத்துவமனையில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனையில் 36. ஒரே சோறு தின்று ஒரே தண்ணீர் குடிக்கிற பெண்களுக்கு, ஆஸ்பத்திரி வாசலைப் பொறுத்து இடுப்பெலும்பு மாறிவிடுமா? அவசரத்தில் உயிர் காப்பது சிசேரியன்தான், அதை நான் மறுக்கவில்லை. இந்த எண்ணிக்கையில் எவ்வளவு அவசரம், எவ்வளவு வசதி, எவ்வளவு வியாபாரம், எவ்வளவு அந்தப் பெண்ணின் விருப்பம் என்று பிரித்துச் சொல்லுகிற கட்டம் எங்கே இருக்கிறது?

இப்போது காற்று திசை மாறுகிறது. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதிய நாடு இது. 2025 மார்ச்சில் அன்றைய முதலமைச்சர் நாகப்பட்டினத்துத் திருமண மேடையில், உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். மக்கள்தொகைப்படி நடக்கும் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையும் என்ற கவலை அவருக்கு. கவலை நியாயமானது. ஆனால் அன்றைக்கு "குறை" என்றதும் பெண்ணிடம்தான், இன்றைக்கு "கூட்டு" என்பதும் பெண்ணிடம்தான். அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உண்டு என்று மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டிருந்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். மேடையில் ஒரு பேச்சு, கோப்பில் ஒரு விதி! பெரியார் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பே 'குடி அரசு' ஏட்டில் இதைத் தெளிவாக எழுதிவிட்டார். மற்றவர்கள் வறுமைக்காகவும் சொத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள். பெண் விடுதலை பெறுவதற்காக வேண்டும் என்பதே தன் வாதம் என்றார். நாட்டுக்கு ஆள் குறையவேண்டும் என்றாலும் கூடவேண்டும் என்றாலும், அவர் போட்ட அளவுகோல் ஒன்றுதான். முடிவு அவளுடையது.

சரி, முடிவை அவள் யாரிடம் சொல்லுவாள்? பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்க, வாசலில் புருஷன் நிற்க, அவள் உண்மையைச் சொல்லுவாளா? போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் பொழுது விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிடுகிறார்கள். பத்து மணிக்கு வருகிற கணக்கெடுப்பாளர் யாரைப் பார்ப்பார்? அவள் மனம் திறப்பது, மாதாமாதம் பார்த்துப் பழகிய ஒருவரிடம்தான். அந்த ஒருவர்தான், வேலை முடிந்த கையோடு சீருடை மாற்றாமல் வந்து இந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நர்சம்மா.

அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளை 1996இல் நாடு முழுவதும் எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் "உங்க சப்சென்டர்ல எத்தனை கேஸ்?" என்கிற கேள்வி மட்டும் போகவில்லை. 2015இல் தேர்வாகி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். என்கிற மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாவில் கைதட்டி அழைத்துச் சேர்த்த ஒப்பந்தச் செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை, 2022 டிசம்பர் 31 அன்று வேலை முடிந்தது என்று அனுப்பினார்கள். இன்னொன்று கேளுங்கள். ஊரார் பிரசவமெல்லாம் பார்க்கிற ஒப்பந்தச் செவிலியர்கள், தங்கள் பிரசவத்துக்கு ஊதியத்தோடு விடுப்பு கேட்டு உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய முரண் வேறென்ன?

மருத்துவர் நிலையும் மெச்சும்படி இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்ன முதுநிலை மருத்துவ மாணவர்களில் 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டிக்க 2008 முதல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் உண்டு. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், பணியிலிருந்த மருத்துவருக்குக் கத்திக்குத்து விழுந்தது.

இப்போது பெண்ணின் நிலையையும் பணியாளரின் நிலையையும் சேர்த்துப் பாருங்கள். தூங்காத மருத்துவர், பயந்திருக்கிற செவிலியர், அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர், ராத்திரி பதினோரு மணிவரை கணினியில் என்ட்ரி போடுகிறவர். இவர்களில் யாராவது ஒரு பெண்ணுக்கு முன்னால் அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்து, காப்பர் டி என்றால் என்ன, மாத்திரை என்றால் என்ன, ஆணுக்கான ஆபரேஷன் என்றால் என்ன என்று விளக்கி, "நீயே யோசிச்சு முடிவு சொல்லும்மா" என்று சொல்ல முடியுமா? நேரமில்லாதவர் தேர்வைக் கொடுக்க முடியாது. கையெழுத்தை மட்டும்தான் வாங்க முடியும்.

ஆகவே நான் கேட்பது நான்கு. கணக்கெடுப்பில் "இதைச் செய்துகொண்டாயா?" என்பதோடு "இதைத்தான் நீ விரும்பினாயா?" என்ற கேள்வியும் வரட்டும். ஆண்களையும் பெண்களுக்குச் சமமாகக் கேளுங்கள். சுகாதாரப் பணியாளரின் வேலைநேரம், ஊதியம், தூக்கம், பாதுகாப்பு பற்றி ஆண்டுதோறும், பெயர் கேட்காத ஒரு கணக்கெடுப்பு நடக்கட்டும். எடுத்த கணக்கை டெல்லிக்கு மட்டும் அனுப்பாமல், எங்கள் ஊராட்சிக்கும் தமிழில் திருப்பிக் கொடுங்கள்.

முதல் மூன்றும் அரசின் கையில். நான்காவதை நாம் தொடங்கிவைக்கலாம். வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் ரோட்டுக்கும் தண்ணீருக்கும் தீர்மானம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு எங்கள் துணை சுகாதார நிலையத்தில் எத்தனை பணியிடம் காலி, நர்சம்மாவுக்குப் பூட்டுகிற கதவும் தண்ணீர் வருகிற கழிப்பறையும் உண்டா என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆண்கள் முதலில் போடுங்கள்.