குமிழி விடாத திரவம்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பௌதிகம் படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுபது தாண்டியும் என்னை வியக்க வைப்பது ஹீலியம்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே 2017-ல் திறக்கப்பட்ட ஐரோப்பிய எக்ஸ்ரே லேசர் நிலையத்தில், எலெக்ட்ரான்களை முடுக்கிவிட எழுநூறுக்கும் மேற்பட்ட நியோபியம் கலங்கள் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கின்றன. நியோபியம் 9.2 கெல்வினிலேயே மீகடத்தி ஆகிவிடும். ஹீலியம் சாதாரணமாக 4.2 கெல்வினில் கொதிக்கும். அது போதாதா? ஏன் 2 கெல்வின் வரை இறங்க வேண்டும்?

காரணம் இரண்டு. ரேடியோ அலைவரிசை மின்சாரத்துக்கு மீகடத்தியிலும் சிறிது தடை மிஞ்சும். குளிரக் குளிர அது வேகமாகக் குறையும். அடுத்து, 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் மீபாய்மம் ஆகிறது. வெப்பத்தை அதிவேகமாகக் கடத்துவதால் குமிழி எழுவதில்லை. மேற்பரப்பில் மட்டும் ஆவியாகும். ரசம் தளதளவென்று கொதித்தால் பாத்திரம் அதிர்கிறதல்லவா? அதுபோல் அதிர்ந்தால் கலத்தின் வடிவம் இம்மியளவு மாறி, சுருதி விலகிவிடும்.

2 கெல்வினுக்கு இறங்க, ஆவியை இடைவிடாமல் உறிஞ்சி, வளிமண்டல அழுத்தத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்காக வைக்க வேண்டும். அப்போது குழாயில் எங்கேனும் கசிவு இருந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து கல்லாய் உறைந்து அடைத்துக்கொள்ளும். அங்கே ஒரு வாட் வெப்பத்தை அகற்ற, ஏட்டுக் கணக்கிலேயே 150 வாட் மின்சாரம் தேவை. நடைமுறையில் அதற்குப் பல மடங்கு.

ஆகவே, அங்கே இரவு பகலாகக் கண்விழிப்பவர்களுக்குக் குளிரை உண்டாக்குவதைவிட, அழுத்தம் அசையாமல் காப்பதே பெரிய வேலை.