துடுப்பு பிடிக்க ஆசையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், படகுப் பயிற்சியில் பழக்கமுள்ள நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மாதம் ஒரு முறை முட்டுக்காட்டுக்குப் போய்த் துடுப்புப் படகு பழகலாமா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பெற்றோர்கள், "ஆபத்தில்லையா?" என்று கேட்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், "ஒலிம்பிக்ஸில் வருகிறதே, அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்கிறார்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள், "இந்த வயதில் இதெல்லாம் நடக்குமா?" என்கிறார்கள். மூன்றுக்கும் என் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. எந்தப் படகு என்று யோசிப்பதற்கு முன், எந்தத் தண்ணீர் என்று யோசியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கயாக்கில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் மாறி மாறித் தள்ளுவோம். கேனோவில் துடுப்புக்கு ஓர் அலகுதான். போட்டி கேனோவில் முழங்கால் ஊன்றி ஒரே பக்கம் துழாவுவார்கள். ரோயிங் இவை இரண்டிலும் சேராது. அதில் துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும், ஓட்டுபவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். நம் ஊரில் புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக். அகலமானது, எளிதில் கவிழாது. கவிழ்ந்தாலும் உள்ளே சிக்கிக்கொள்ளப் பயமில்லை. தொடங்க அதுவே போதும்.

எத்தனை வகைகள்?

பையன்கள் கேட்ட ஒலிம்பிக் கேள்விக்கு வருகிறேன். ஒலிம்பிக்ஸில் இரண்டு பெரிய பிரிவுகள். ஒன்று ஸ்பிரின்ட். அசையாத தண்ணீரில் நேர்கோட்டில் 200, 500, 1000 மீட்டர் ஓட்டங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸிலிருந்து இருக்கிறது. அந்தப் படகுகள் ஊசி போல ஒல்லியானவை. புதிதாக ஏறுபவர் உட்கார்ந்த நொடியில் கவிழ்வார். சமநிலை வரவே பல வாரம் பிடிக்கும். தினமும் காலையில் எழுந்து ஒரே அசைவை ஆயிரம் முறை செய்யச் சலிப்படையாத பிள்ளைக்கு இது பொருந்தும். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் இருவரும் இருவர் கேனோ 1000 மீட்டரில் வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில்தான்.

இன்னொன்று ஸ்லாலம். சீறி ஓடும் தண்ணீரில், மேலே தொங்கும் கம்பு வாயில்கள் வழியாகப் படகைச் செலுத்த வேண்டும். பச்சை வாயில் என்றால் ஓட்டத்தோடு, சிவப்பு என்றால் ஓட்டத்தை எதிர்த்து. கம்பில் பட்டால் 2 விநாடி, வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி நேரத்தில் கூடும். வலிமையைவிடத் தண்ணீரைப் படிக்கும் கண்தான் இதில் பெரிது. ஆனால் சென்னையைச் சுற்றி அப்படி ஓடும் ஆறு இல்லை. பாயும் ஆற்றில் கயாக் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமானால், மழைக்காலத்தில் கேரளத்துக் கோழிக்கோடு மாவட்டத்துக்குப் போங்கள். சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கும். நம் பிள்ளைகள் முதல் வருடம் அங்கே பார்வையாளர்களாகவே இருக்கட்டும்.

பதக்கம் வேண்டாம், நாலு பேரோடு விளையாட வேண்டும் என்பவர்களுக்குக் கேனோ போலோ இருக்கிறது. அணிக்கு ஐந்து பேர் கயாக்கில் அமர்ந்து, தண்ணீருக்கு இரண்டு மீட்டர் மேலே தொங்கும் வலையில் பந்தைப் போட வேண்டும். கடல் ஓட்டத்துக்கு நீளமான சர்ஃப்ஸ்கீ, நின்றபடி ஓட்டும் எஸ்.யு.பி. பலகை, இருபது பேர் சேர்ந்து துழாவும் டிராகன் போட் என்று பட்டியல் நீளும்.

பெரியவர்களுக்கு நான் சொல்வது சுற்றுலா கயாக்கிங். போட்டி இல்லை, மணிக்கணக்கு இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களாலும் முடியும், ஏனென்றால் உடல் எடையைப் படகு தாங்குகிறது. முதுகு வலி உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி ஓட்டப் பழகிவிட்டால் தோளும் வலிக்காது. துடுப்பைக் கால்விரல் பக்கத்தில் இறக்குங்கள், இடுப்பு பக்கத்தில் எடுத்துவிடுங்கள். முதல் நாளுக்கு இந்தப் பாடம் போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கும் இதில் இடம் உண்டு. பிராச்சி யாதவ் முதலில் நீச்சல் வீராங்கனை. பிறகு துடுப்புக்கு மாறி, டோக்கியோ பாராலிம்பிக்ஸில் பாரா கேனோவில் போட்டியிட்ட முதல் இந்தியர் ஆனார். 2023இல் ஆசியப் பாரா விளையாட்டில் தங்கமும் வென்றார்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். படகு கவிழ்வது ஆபத்து இல்லை. கவிழ்ந்தவர் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இருப்பதும், படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்துவதும்தான் ஆபத்து. ஜாக்கெட்டைப் போட்டு எல்லாப் பட்டையையும் மாட்டிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிள்ளையின் காதுவரை ஏறினால் அது அளவில்லாத ஜாக்கெட். படகில் கிடக்கும் ஜாக்கெட்டும் அளவில்லாத ஜாக்கெட்டும் ஒன்றுதான், இரண்டும் உதவாது.

அடுத்து காற்று. நம் கடற்கரையில் விடிகாலை அமைதியாக இருக்கும். வெயில் ஏறியதும் கடல்காற்று எழும்பும். அதனால் ஆறு மணிக்கு இறங்கி, எட்டரைக்குள் கரையேறிவிடுவது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் மேல்காற்று, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று வீசும். அப்போது கடல் கண்ணாடி போலத் தெரியும். அதை நம்பி இறங்கினால் போவது சுலபம், திரும்புவது கஷ்டம். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம்.

முட்டுக்காட்டில் காயலின் உள்பக்கம் பழகுவதற்கு நல்ல இடம். முகத்துவாரம் அப்படியில்லை. மணல்திட்டு திறந்திருக்கும்போது, வற்றம் இறங்கும் நேரத்தில் தண்ணீர் கடலுக்கு இழுக்கும். ஆகவே பாலத்துக்குக் கிழக்கே நம் குழுவில் யாரும் போகக் கூடாது என்பது என் முதல் விதி. இரண்டாவது விதி, தனியாக யாரும் இறங்கக் கூடாது. மூன்றாவது, திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும்.

படகு வாங்கலாமா?

இப்போது வேண்டாம். வாடகைக்கு எடுத்துப் பத்து முறையாவது ஓட்டுங்கள். அதற்குள் உங்களுக்கு வேகம் பிடிக்கிறதா, அலை பிடிக்கிறதா, கொக்கையும் மீன்கொத்தியையும் பார்த்துக்கொண்டு சும்மா மிதப்பது பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்பிரின்ட் படகு 5.2 மீட்டர் நீளம். நம் லிஃப்டில் ஏறாது, பார்க்கிங்கில் வைத்தால் செயலாளர் என்னைக் கேட்பார். முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது உங்கள் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா?" என்று இரண்டு பெற்றோர் தனியாகக் கேட்டார்கள். சான்றிதழுக்காக ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்த பிள்ளை, முதல் தோல்வியிலேயே துடுப்பைக் கீழே வைத்துவிடும். அந்தப் பிள்ளையை ஒரு வருடம் விளையாட விடுங்கள். பிரிவைத் தண்ணீரும் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

என் யோசனை இதுதான். முட்டுக்காட்டுக்குப் போகும் முன், நம் வளாக நீச்சல் குளத்தில் இரண்டு ஞாயிறு பழகுவோம். ஜாக்கெட் இல்லாமல் 50 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். பிறகு ஜாக்கெட்டோடு மிதக்கவும், கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறவும் பழக வேண்டும். இதை முடித்தவர்கள்தான் காயலுக்கு வரலாம். பெரியவர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது, எனக்கும்தான். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு பெற்றோரில் ஒருவர் வர வேண்டும், கரையில் நிற்பதற்காகவாவது.

சங்கம் இதை ஏற்றுக்கொண்டால் ஜனவரியில், மழை ஓய்ந்த பிறகு தொடங்கலாம். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நீந்தத் தெரியாதவர்களும் கொடுங்கள், உங்களுக்கு நீச்சல் வகுப்பிலிருந்து தொடங்குவோம்.