மூணு ஃபில்ட்டர், ஒரே வேலை: எது எங்கே வெடிக்கும்?

ஹெட்போன் போட்டுட்டு சிந்த் புரோகிராம் பண்றவங்களுக்கு இந்த எபிசோட். கட்-ஆஃப் குமிழை மேலே ஏத்துறீங்க, திடீர்னு காதுக்குள்ள ஒரு வெடிச்சத்தம், அப்புறம் மொத்தமா அமைதி. ஏன்?

ஸ்டேட் வேரியபிள் ஃபில்ட்டருக்குள்ள ரெண்டு இன்டெகிரேட்டர் இருக்கு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. சிக்னலை விட்டா லோ-பாஸ், பேண்ட்-பாஸ், ஹை-பாஸ் மூணும் ஒரே நேரத்துல கிடைக்கும். 1974-ல வந்த ஓபர்ஹைம் செம் சிந்தசைசர்ல இருந்தது இந்த வகைதான். ஆனா அது மின்சுற்று. அங்கே ஃபீட்பேக் உடனே திரும்பி வரும். கோட்ல அப்படி வராது. வெளியே வர்றது தெரிஞ்சாதான் உள்ளே போறதைக் கணக்குப் போட முடியும். உள்ளே போறது தெரிஞ்சாதான் வெளியே வர்றது தெரியும்.

ஹால் சேம்பர்லின் 1980-ல எழுதின 'மியூசிக்கல் அப்ளிகேஷன்ஸ் ஆஃப் மைக்ரோபிராசசர்ஸ்' புத்தகத்துல இதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு: போன சாம்பிளோட மதிப்பையே எடுத்துக்கோ. சிசவுண்ட்ல இருக்கிற 'எஸ்விஃபில்ட்டர்' இந்த வழிதான். சில பெருக்கல், கூட்டல், அவ்வளவுதான்.

லாட்ஜ் ஷவர்ல வெந்நீர் தாமதமா வர்றப்போ குமிழை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திண்டாடுவோமே, அதே கதைதான் இங்கேயும். 44,100 சாம்பிள் ரேட்ல, கியூ 0.7-ன்னா 7,600 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே ஃபில்ட்டர் நிலை தடுமாறிடும். கியூ 0.5-ன்னா 6,000-லயே. கியூ 10-ன்னா? 17,600 வரைக்கும் தாங்கும்! ரெசொனன்ஸைக் கூட்டினாதான் ஆபத்துன்னு நினைப்போம், இங்கே தலைகீழ். காரணம், அலையை அடக்குற பேண்ட்-பாஸ் ஃபீட்பேக்தான் ஒரு சாம்பிள் லேட்டா வருது. கியூ குறையக் குறைய அந்த அடக்குற கைக்கு பலம் கூடுது. லேட்டா வர்ற பலமான கை அடக்காது, தள்ளிவிட்டுடும்.

அடுத்தது 'ஸ்டேட்வார்'. இது ஓவர்சாம்பிளிங் பண்ணும், சும்மா விட்டா 3 மடங்கு. மடங்கைக் கூட்டினா இன்னும் கூர்மையான ரெசொனன்ஸ் கிடைக்கும், சிபியூவும் அதுக்கேத்த மாதிரி செலவாகும்.

மூணாவது 'இசட்டிஎஃப் டூ போல்'. என் ஓட்டு இதுக்குத்தான். தாமதத்தை ஏத்துக்காம, அந்தச் சமன்பாட்டையே அல்ஜீப்ராவால தீர்த்துடறாங்க. வாடிம் சவாலிஷினோட 'தி ஆர்ட் ஆஃப் விஏ ஃபில்ட்டர் டிசைன்' இதை விரிவா சொல்லுது (கணக்கு கொஞ்சம் பயமுறுத்தும், பரவாயில்லை). கட்-ஆஃபை 22,050-க்குப் பக்கம் வரைக்கும் கொண்டு போனாலும் வெடிக்காது. எல்எஃப்ஓ வச்சு வேகமா ஆட்டினாலும் ஒழுங்கா நடந்துக்கும். குறை இல்லாம இல்லை: உச்சி அதிர்வெண்கள்ல வளைவு அமுங்கிப் போறதால அனலாக் அளவுக்குத் திறப்பா கேட்காது. கட்-ஆஃப் மாறுறப்போ டேன்ஜென்ட், வகுத்தல்னு கூடுதல் வேலையும் இருக்கு.

லேப்டாப்ல அந்த வேலை ஒரு பொருட்டே இல்லை. டீன்சி மாதிரி குட்டி போர்டுல எட்டுக் குரல் ஓட்டணும்னா, சேம்பர்லினை ரெண்டு மடங்கு ஓவர்சாம்பிளிங்கோட வச்சுக்கிறது இன்னைக்கும் நியாயமான முடிவு. ஆனா கட்-ஆஃபுக்கு கோட்லயே ஒரு உச்சவரம்பு போடுங்க, அதையும் கியூவைப் பொறுத்து. முதல் தடவை ஓட்டும்போது ஹெட்போன் மேஜை மேல இருக்கட்டும்.