முதலாளி மறைந்த பின்னும் நிலைத்த வங்கி
(எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் வாழ்வும் மறைவும் குறித்து அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

 

1. வினா

சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, நகரத்தார் செட்டியார்களின் வட்டிக்கடையாகிய கிட்டங்கியின் நீட்சியே என்றும், பலகையும் பேரேட்டின் மொழியும் மாறினவேயன்றித் தொழிலின் உயிர் மாறவில்லை என்றும் என் சகாக்கள் பலர் நெடுங்காலமாக எழுதிவருவதை இவ்வவையினர் அறிவர். கருத்தரங்குகளிலே துண்டு துண்டாக நான் கூறிவந்த மறுப்பை முழுவதும் எடுத்துரைக்க இதுவே தக்க சந்தர்ப்பம். ஒரு ஸ்தாபனம் கிட்டங்கியா, வங்கியா என்பது அது வாங்கும் வட்டியினாலோ, வீற்றிருக்கும் மாளிகையினாலோ தெரிவதன்று. அதன் முதலாளி கண்மூடிய மறுநாள், அதனை நம்பிப் பணம் போட்டவனின் நிலை என்னவாகிறது என்பதனாலேயே தெரியும் என்பது என் துணிபு.

2. வாழ்வு

1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், கானாடுகாத்தானைப் பூர்விகமாகக் கொண்ட செல்வக் குடும்பத்திலே பிறந்த சிதம்பரம் செட்டியார், தந்தையார் சர் முத்தையா செட்டியாரை இளமையிலேயே இழந்து, கடல் கடந்த தொழிலின் பாரத்தைத் தாமே ஏற்றார். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் நிர்வாகமும், திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையும் அவர் முயற்சிகளில் அடங்கும். எனினும் என் வாதத்திற்கு ஆதாரமானது அவர் வாழ்வின் ஒரு நாளே. அதனைச் சற்று விரிவாகவே பேச அனுமதி வேண்டுகிறேன்.

3. 1937 பிப்ரவரி 10

அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் வங்கி தொடங்கிற்று. பின்னர் பினாங்கிலும் கிளை ஏற்பட்டது. தாத்தன் காலத்து லேவாதேவி போன அதே பாதை அன்றோ இது என்று என் சகாக்கள் வினவுவர். பாதை அதுவே, பயணம்தான் வேறு.

ரங்கூன் கிட்டங்கி எப்படி இயங்கியது? முதலாளி செட்டிநாட்டிலிருக்க, மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசிய மேலாள் அங்கே பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து, அடுத்தாளையும் பையனையும் துணைகொண்டு கடன் கொடுத்து வாங்குவார். சொந்த முதலோடு உறவினர் பணமும் கோயில் பணமும் மேம்பணமாகச் சேரும். தவணை முடிவில் ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு எடுக்கப்படும். இத்தனைக்கும் அடிநிலையாக நின்றது முதலாளி ஒருவருடைய விலாசம் என்னும் தொழிற்பெயரும் நாணயமுமே. அந்நாணயம் அபாரமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. பர்மாவிலே நகரத்தார் ஈடுபடுத்தியிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்று 1929–30ஆம் ஆண்டின் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டதும், எட்டாத சிற்றூர் உழவனுக்கும் அப்பணம் சென்று சேர்ந்ததும் அந்நாணயத்தின் வலிமையால்தான்.

ஆனால் 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்விலை வீழ்ந்தபோது என்ன நேர்ந்தது? கடன் வாங்கிய உழவனால் திருப்பித் தர இயலவில்லை. ஈடாக எழுதிய நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 பிரதான நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார் நிலவுடைமை 1938க்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. இதனை ஐசுவரியத்தின் உச்சமாகக் காட்டுவோர் உண்டு. நான் இதனை வியாதியின் உச்சமாகவே காண்கிறேன். கேட்டபோது திருப்பித் தரவேண்டிய பணம், கேட்டபோது விற்க இயலாத வயலாக உறைந்துவிட்டது. உழவனுக்கோ அது தீராப் பகையாயிற்று.

இந்நிலையைக் கண்முன் கண்ட ஓர் இளைஞர், 28 வயதிலே, அதே ரங்கூனில் ஒரு வங்கியைத் திறக்கிறார். தம் மரபு பழகிய நிலவீட்டுக் கடனை அவர் பிரதானமாக்கவில்லை. கப்பலேறும் சரக்கின்மீது எழுதப்பட்டுச் சில மாதங்களில் தீர்ந்துபோகும் உண்டியல்களையும், அயல்நாட்டுச் செலாவணியையும் கொண்ட, பெரிதும் ஆங்கிலேய வங்கிகளே தங்கள் தனியுரிமையாய் வைத்திருந்த துறையைத் தேர்ந்தெடுக்கிறார். ஏழு வாரங்களில், ஏப்ரல் 1ஆம் நாள், பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கலாய் இருந்தது அன்றுமுதல் அயல்நாட்டு வாணிகமாயிற்று. கிட்டங்கியின் நோய் இன்னதென்று அறிந்து, அதற்கு மருந்தாகவே அவர் இவ்வங்கியைச் சமைத்தார் என்று நான் உறுதியாகச் சொல்லுவேன்.

பின்வந்த சோதனைகள் இதற்குச் சாட்சி. மறுவருஷமே, 1938 ஜூனில், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு கொல்லம் வங்கி முறிந்து தென்னாடெங்கும் பீதி பரவியபோது இளவங்கி நிலைத்து நின்றது. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. போருக்குப் பின் நிலங்களைப் பர்மிய அரசாங்கம் எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. வயல்களில் உறைந்த முதல் வயல்களோடு போயிற்று. வங்கியோ கொழும்பிலும் பாங்காக்கிலும் புதுக் கிளைகள் கண்டது.

4. மறைவு

1954 மார்ச் 13ஆம் நாள், சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் இறங்கிய விமானம் ஓடுபாதைக்கு முன்னிருந்த கடற்சுவரில் மோதித் தீப்பற்றியது. பயணிகள் 31 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் சிதம்பரம் செட்டியார், வயது 45.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். 1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையிலே ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் உயிரோடிருந்து சிறைசென்றார். பணம் போட்ட ஓய்வூதியக்காரர்களும் கைம்பெண்களும் தெருவில் நின்றனர். அத்துயரத்திலிருந்தே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. முதலாளி உயிரோடிருக்க ஆர்பத்நாட் வங்கி மாண்டது. முதலாளி மாண்டும் இங்கே வங்கி வாழ்ந்தது. மறு ஆண்டே ஹாங்காங்கில் அதன் கிளை திறந்தது. 1969 ஜூலை 19இல், 50 கோடிக்கு மேல் வைப்புத்தொகை கொண்டவை என்று தேசியமயமாக்கப்பட்ட 14 வங்கிகளுள் அதுவும் ஒன்று. தனிமனிதர் பெயரை மட்டுமே நம்பிய கிட்டங்கியாயிருந்தால், பங்காளிகள் பிரித்துக்கொண்டு 15 ஆண்டுகளில் அது பழங்கதையாகியிருக்கும்.

5. ஆவடி

இவ்வட்டாரத்தோடு இவ்வரலாற்றுக்குள்ள தொடர்பைச் சுருங்கச் சொல்லுவேன். செட்டியார் மறைந்த பத்து மாதங்களில், 1955 ஜனவரியில், ஆவடிக் காங்கிரஸ் மாநாடு சோஷலிச மாதிரிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அவ்வாண்டு ஜூலையில் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையாயிற்று. யுனைடெட் இந்தியாவுக்காக 1953இல் மவுண்ட் ரோட்டில் அவர் தொடங்கிய மாளிகை, 1959இல் எல்.ஐ.சி. கட்டிடமாகவே திறக்கப்பட்டது. இன்னொரு புறம், பர்மாவிலே தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தார் 1949இல் இதே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸை நிறுவினர். கடல் கடந்த வட்டித்தொழிலின் மரபு யந்திரத்தொழிலாக மாறிய வழி அது.

6. இனிச் செய்யவேண்டுவன

காலம் குறுகிவிட்டபடியால் சிலவற்றைப் பெயரளவில் சுட்டுகிறேன். கிட்டங்கி ஐந்தொகைகளையும் வங்கியின் தொடக்க ஆண்டறிக்கைகளையும் அருகருகே வைத்து ஒருவர் ஆராயவேண்டும். 1964இல் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறுதொழில் முனைவோர் எவ்வங்கியில், எந்த ஈட்டின்மேல் கடன் பெற்றனர் என்பதை முதியோர் உயிரோடிருக்கையிலேயே கேட்டுப் பதியவேண்டும். பூந்தமல்லி அடகுக்கடைகளின் பழங்கணக்குகளும் சீட்டுக் கம்பெனிப் பேரேடுகளும் கறையானுக்கு இரையாகுமுன் சேகரிக்கப்படவேண்டும். பர்மிய உழவர் தரப்பைப் பர்மிய மொழி ஆவணங்களிலிருந்து எழுதத் தமிழறிஞர் ஒருவரேனும் முன்வரவேண்டும். என் முடிபை மறுக்கும் சகாக்களும் இப்பணிகளிலே கைகோக்கும்படி வேண்டுகிறேன்.