வல்லவர் என்பதும் ‘கேப்பபிள்’ என்பதும்



சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி 1966 முதல் கட்டாயப் பாடமாயிற்று. அன்றுதொட்டு நம் பிள்ளைகள் நாள்தோறும் இரு மொழிகளுக்கிடையே வந்துபோகின்றனர். அவ்வழியில் இடறச் செய்பவை பெரும்பாலும் அருஞ்சொற்கள் அல்ல. ஆற்றலைக் குறிக்கும் எளிய சொற்களே. அவற்றுள் ஒன்றாகிய ‘கேப்பபிள் ஆஃப்’ என்னும் ஆங்கிலத் தொடரை இன்று ஆராய்வோம்.

தேக்கா சந்தையில் ‘கேன்’ என்னும் ஒரு சொல் வினாவாகவும் விடையாகவும் நின்று வாணிகத்தை முடித்துவிடுகிறது. மலாயில் ‘போலே’ என்பதும் அவ்வாறே. பேச்சில் அது குறையன்று. ஆனால், எழுத்தில், அதிலும் விண்ணப்பத்திலும் நற்சான்றிலும், ஆற்றலின் வகையைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

முதலில் இலக்கணம். தமிழில் ‘எழுத முடியும்’, ‘எழுத இயலும்’, ‘எழுத வல்லவர்’ ஆகிய மூன்றிலும் ‘எழுத’ என்னும் செயவென் எச்சமே முன் நிற்கிறது. ஆங்கிலம் அவ்வாறு ஒரே வாய்பாட்டில் அடங்குவதில்லை. ‘ஏபிள்’ என்பதை அடுத்து ‘டு ரைட்’ வரும். ‘கேப்பபிள்’ என்பதை அடுத்து ‘ஆஃப் ரைட்டிங்’ என்று தொழிற்பெயர் வரும். நம் மாணவர் ‘கேப்பபிள் டு ரைட்’ என எழுதுவதில் அறியாமையைவிடத் தாய்மொழியின் ஒழுங்கே மிகுதியாக வெளிப்படுகிறது. காரணத்தை விளக்கித் திருத்தினால் பிழை மீண்டும் வாராது.

இனிப் பொருள். ‘கேப்பபிள்’ என்பதன் வேர் ‘பற்றுதல், கொள்ளுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. ஒரு குடம் இவ்வளவு நீர் கொள்ளும் என்கிறோம். அதில் இப்பொழுது நீர் இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. அவ்வாறே இத்தொடரும் பல இடங்களில் உள்ளடங்கிய ஆற்றலைச் சொல்கிறதேயன்றி, வெளிப்பட்ட செயலைச் சொல்வதில்லை. நம் ‘வல்லவர்’ வேறு. திருக்குறளின் அறுபத்தைந்தாம் அதிகாரத் தலைப்பாகிய ‘சொல்வன்மை’யை எண்ணிப் பாருங்கள். வன்மை என்பது பயின்று நிலைபெற்ற திறம். அதில் பாராட்டும் கலந்திருக்கிறது.

இவ்வேறுபாட்டால் விளையும் இழப்பு சிறிதன்று. ‘நன்கு பணியாற்ற வல்லவர்’ என்று மனத்தில் கருதிய ஓர் ஆசிரியர், மாணவரின் நற்சான்றில் ‘கேப்பபிள் ஆஃப் குட் வொர்க்’ என எழுதுகிறார் என்று கொள்வோம். படிக்கும் அதிகாரி அதனை, ‘நன்றாகச் செய்யக்கூடியவர்தாம், ஆனால் இன்னும் செய்து காட்டவில்லை’ என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. பாராட்ட எழுதிய வரி ஐயத்தை விதைத்துவிடுகிறது. அம்மாணவர் செய்து முடித்த பணியையே இறந்தகால வினையில் குறிப்பிட்டிருந்தால் இவ்விடர் நேராது.

இத்தொடர் தீச்செயலுக்கும் வரும் என்பதையும் நினைவிற் கொள்க. ஆங்கிலத்தில் ஒருவன் பொய்க்கும் ‘கேப்பபிள்’ ஆகலாம். அதனைத் தமிழில் ‘பொய் சொல்லக்கூடியவன்’ என்பதே பொருந்தும். ‘பொய் சொல்ல வல்லவன்’ என்றால் அவன் திறமையை மெச்சுவதாகிவிடும்.

மறுதிசையிலும் கவனம் தேவை. ‘மாணவர்கள் எழுத முடிவார்கள்’ என்பது தமிழாகாது. ‘மாணவர்களால் எழுத முடியும்’ என்பதே முறை. ஆங்கிலம் ஆளை எழுவாயாக்கி ஆற்றலை அவர்மேல் ஏற்றுகிறது. தமிழோ, செயல் அவரால் நிறைவுறும் என்கிறது. ஆதலின் வினை பலர்பால் ஈறு ஏலாது நிற்கிறது. காலமும் பொருளை மாற்றும்: ‘முடியும்’ என்பது இயல்வதைச் சொல்லும், ‘முடிந்தது’ என்பது செய்து முடித்ததைச் சொல்லும்.

ஆசிரியர்களே, அடுத்த நற்சான்றை எழுதுமுன், அவர் செய்தாரா, செய்யக்கூடியவரா என்னும் வினாவை ஒருமுறை எழுப்புங்கள். மாணவர்களே, ஒரு தொடரை மொழிபெயர்க்கும்போது சொல்லோடு அது ஏந்திவரும் மதிப்பையும் எடை போடுங்கள். இரு மொழி அறிந்தவர்க்கு இவ்வேறுபாட்டைக் காணும் வாய்ப்பு இயல்பாகவே உண்டு. அதனைப் பயன்படுத்துவதே நம் கடன்.