மண்ணோடு போனவர்களை மனதில் வைப்போம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன் நாம் எல்லோரும் எழுந்து நின்று, சென்ற ஒன்றுகூடலுக்குப் பின் மறைந்த நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் படித்த ஆண்டு, பார்த்த வேலை, வகித்த பதவி எல்லாம் இருந்தன. அந்தப் பட்டியலில் சேராத ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். நம்மை இங்கே படிக்க அனுப்பிய ஊர்களில், உழுதும் நட்டும் அறுத்தும் வாழ்ந்து, ஓசைப்படாமல் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

நாம் அமர்ந்திருக்கும் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். சிதம்பரம் என்றதும் நந்தனார் பெயர் நினைவுக்கு வராதவர் உண்டா? கொள்ளிடக் கரை ஆதனூரைச் சேர்ந்தவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அவரைத் திருநாளைப்போவார் என்று பெரியபுராணத்தில் எழுதி வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் கதையைக் கீர்த்தனையாகப் பாடினார். நாற்பது வேலி நிலத்தை நட்டு அறுத்து முடித்தால்தான் தில்லைக்குப் போகலாம் என்று பண்ணையார் சொன்னதாக வருவது பாரதியார் கதையில்தான். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் எத்தனை பேர் உழைப்பு என்று விவசாயம் படித்த உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1916-ல் சுவாமி சகஜானந்தர் இதே சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அந்தப் பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தக் கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளாக எத்தனையோ இலட்சம் பேர் வயலில் வேலை செய்து மாண்டிருக்கிறார்கள். அவர்களில் நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்தவர் ஒருவர். எழுதி வைக்க ஒரு சேக்கிழாரும் பாடி வைக்க ஒரு பாரதியாரும் கிடைத்ததால் அவர் பிழைத்தார். மற்றவர்கள்?

அண்மைக் காலத்துக்கு வருவோம். நம்மாழ்வார் ஐயாவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் நம்முடைய மூத்த மாணவர் என்பது இங்கே வந்திருக்கும் இளைய தலைமுறைக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. 1938-ல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை இளங்கலை படித்தார். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலை. மானாவாரி நிலத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சம்சாரிக்கு, விலை கொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் வைத்து ஆராய்ச்சி செய்வதில் என்ன பயன் என்று கேட்டார். பதில் கிடைக்கவில்லை. 1969-ல் வேலையை விட்டார். அதன்பின் நாற்பது ஆண்டுக்கும் மேல் ஊர் ஊராக நடந்தார். 2004 டிசம்பரில் சுனாமி வந்து கடலோர வயல்களில் உப்பு ஏறியபோது, நாகைப் பகுதி விவசாயிகளோடு நின்று மண்ணை மீட்கிற வேலையைச் செய்தார். 2013 டிசம்பர் 30 அன்று, மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்துக்காகப் போயிருந்த இடத்தில், பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் காலமானார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் அவரே உருவாக்கிய வானகத்தில் அவர் உடல் மண்ணுக்குள் வைக்கப்பட்டது.

அவர் போன பிறகு, 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழக அரசு சட்டம் இயற்றியது. நம் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்களும் அதில் அடக்கம்.

அவரோடு பூம்புகாரிலிருந்து கல்லணை நோக்கி நடந்தவர்களில் ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கட்டிமேடு ஜெயராமன். வழியில் விவசாயிகள் கொடுத்த பழைய நெல் விதைகளைப் பெருக்குகிற பொறுப்பை ஏற்றார். ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். கணக்கு ரொம்ப எளிது. இரண்டு கிலோ விதை வாங்கிக்கொண்டு போ, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு. வட்டிக் கடைக்காரர் கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் அந்த வட்டி அடுத்த விவசாயிக்குப் போய்விடும். இப்படியே 174 பாரம்பரிய இரகங்களை மீட்டார். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து தண்ணீரைத் தாங்கும் காட்டுயானம், உப்பு மண்ணில் வரும் குழியடிச்சான், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் அதில் உண்டு. 2018 டிசம்பர் 6 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது ஐம்பதுதான். 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கத்துக்கு அரசு அவர் பெயரையே வைத்தது.

பெண்களில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி. சின்ன மளிகைக் கடை, பலகாரக் கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கினார். நூறு வயதைக் கடந்தும் இயற்கை விவசாயம் செய்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது. 2024 செப்டம்பரில் மறைந்தார்.

இந்த மூவருக்கும் பத்திரிகைகள் பக்கம் ஒதுக்கின. தலைவர்கள் இரங்கல் தெரிவித்தார்கள். நல்லது. இனி, யாரும் பக்கம் ஒதுக்காதவர்களுக்கு வருகிறேன்.

நம் கிராமங்களில் ஒருவர் இறந்தால் என்ன நடக்கிறது? சாலை முனையில் 'கண்ணீர் அஞ்சலி' என்று பிளெக்ஸ். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கருமாதிப் பத்திரிகை. அதை எடுத்துப் பாருங்கள். மகன்கள் பெயர், மருமகள்கள் பெயர், யார் எந்தக் கம்பெனியில் வேலை, எந்தப் பேரன் சிங்கப்பூரில் இருக்கிறான், எல்லாம் அச்சாகியிருக்கும். இறந்தவர் என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்காது. அவருடைய அறுபது வருஷ வாழ்க்கை, தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி என்று முடிந்துவிடும்.

முன்பு அப்படி இல்லை. ஒப்பாரி இருந்தது. அதை வெறும் அழுகை என்று நினைத்துவிடக் கூடாது. மாரடித்துப் பாடுகிற பெண்கள், போனவர் எந்தக் கொல்லையை உழுதார், எந்தக் கிணற்றை வெட்டினார், எந்தக் காளையை ஓட்டினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அழுவார்கள். அது எழுத்தறியாதவர்கள் எழுதிய வாழ்க்கை வரலாறு. இப்போது ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டிமார்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கிக் கேசட்டும், அதற்குப் பிறகு செல்போனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

எழுதி வைக்காததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இரண்டு நஷ்டம் உண்டு.

முதல் நஷ்டம் கணக்கில். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. காவிரியும் வரவில்லை. டெல்டாவில் பயிர் கருகியது. கருகிய பயிரைப் பார்த்த அதிர்ச்சியில் மாரடைப்பால் இறந்தவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் என்று தினமும் செய்தி வந்தது. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்தியை எடுத்துக்கொண்டு, 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் அரசு உதவித்தொகை அறிவித்தது 17 குடும்பங்களுக்கு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறவர்கள் யார்? பட்டா தன் பெயரில் இல்லாத குத்தகைதாரர், வாய்ச் சொல்லில் வாரத்துக்கு எடுத்தவர், நிலமே இல்லாத கூலியாள், இவர்களெல்லாம் செத்தால் 'விவசாயி' என்று நிரூபிக்கக் காகிதம் கிடையாது. பெண்கள் பாடு இன்னும் மோசம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014-ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து விவசாயி, விவசாயக் கூலி என்று தனித்தனியாகக் கணக்கு எடுக்கிறது. ஆனால் வயலில் வேலை செய்த பெண்ணைக் காகிதத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டால், அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

இது தூரத்து விஷயம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அத்தை இறந்தார். ஏழு வயதில் நாற்று முடி தூக்கப் போனவர். ஒரு நடவுக் கோஷ்டியையே முப்பது வருஷம் நடத்தினார். எந்த வயலுக்கு எத்தனை ஆள், எத்தனை கட்டு நாற்று, எத்தனை மணிக்குக் கரையேறலாம் என்று விரல் மடித்துச் சொல்லுவார். காரியப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'இல்லத்தரசி' என்று போட்டிருந்தார்கள். பேரனிடம், "தம்பி, ஆத்தா வீட்ல எப்பப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன். அவன் சிரித்தான், பிறகு அழுதான்.

இரண்டாவது நஷ்டம் அறிவில். 2015 நவம்பரில் நம் மாவட்டத்தில் பெய்த மழை நினைவிருக்கும். நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. சேத்தியாத்தோப்புப் பக்கம் எங்கள் ஊரில் மூன்று தெரு மூழ்கியது. தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று யாருக்கும் புரியவில்லை. மடை திறந்து மூடுகிற வேலையை ஆயுள் முழுக்கச் செய்த ஒரு பெரியவர், குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தார். "இங்க ஒரு வடிகால் இருந்துச்சுடா, மனைக்கட்டு போட்டு மூடிட்டாங்க, வெட்டுங்க" என்றார். வெட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வெள்ளாற்றுப் பக்கம் இறங்கத் தொடங்கியது. மழை விட்டபின் ஒரு வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஊரின் வாய்க்கால், வடிகால், மதகு அத்தனையையும் தாளில் வரைந்துகொண்டேன். இன்று அவர் இல்லை. அந்த வரைபடத்தின் நகல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. அவர் படத்துக்கு மாலை போட்டதைவிட அதைத்தான் நான் பெரிய அஞ்சலியாக நினைக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் இருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு 2011 டிசம்பர் 30 மறக்காது. தானே புயல் ஒரு விடியலில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அந்தப் பலாக்களை நட்ட கைகளில் பல, மரத்துக்கு முன்பே மண்ணுக்குப் போய்விட்டவை. தாத்தா நடுவார், பேரன் சுளை தின்பான். மரம் நின்றவரை அதுவே தாத்தாவின் நினைவுக்கல். மரமும் விழுந்தபின் அவரை நினைக்க என்ன மிச்சம்?

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெரிய செலவு இல்லை. இங்கே இருக்கும் நாம் ஒவ்வொருவரும் சொந்த ஊருக்கு ஒரு நோட்டு வாங்குவோம். ஊரில் உழவுத் தொழில் செய்த ஒருவர் மறைந்தால், நிலம் உள்ளவரோ இல்லாதவரோ, ஆணோ பெண்ணோ, எந்தத் தெருவோ, பதினாறாம் நாளுக்குள் ஒரு பக்கம் எழுதுவோம். ஐந்து கேள்வி போதும். என்ன பயிர் செய்தார்? எந்த விதையை, எந்த மாட்டை வைத்திருந்தார்? எந்த வெள்ளம், எந்தப் பஞ்சத்தைப் பார்த்தார்? எந்த வேலையில் ஊரே அவரைத் தேடி வந்தது? யாருக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்? தொழில் என்ற இடத்தில் 'விவசாயி' அல்லது 'விவசாயத் தொழிலாளி' என்று தெளிவாக எழுதுவோம். வீட்டாரிடம் வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கி, ஒரு நகலை அவர்களிடம் கொடுப்போம். முடிந்தால் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுவோம். அது இன்னும் நல்லது.

எங்கள் ஊர் நோட்டில் இதுவரை 23 பக்கம் நிரம்பியிருக்கிறது. தெருப் பிரித்து எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஊர்க் கோயிலில் முன்வரிசை, சுடுகாட்டில் தனிப்பாதை என்று உயிரோடு இருந்தபோது பிரித்தது போதும். நோட்டில் இறந்த தேதிதான் வரிசை.

வள்ளுவர் 104-ஆவது அதிகாரத்தை உழவுக்கென்றே ஒதுக்கினார். நாம் ஒரு பக்கமாவது ஒதுக்கக் கூடாதா?

அடுத்த ஒன்றுகூடலுக்கு வரும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு பக்கம் இருக்கட்டும். மௌன அஞ்சலிக்கு முன் அந்தப் பெயர்களையும் வாசிப்போம்.