முடியும் என்பதற்கு ஆங்கிலம்

தொழிலின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு, விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. நம்முடைய ஆற்றலை அம்மொழியில் எவ்வாறு கூறுவது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர்ச் சீமையில், வெதுருகுப்பம் போன்ற ஊர்களின் பக்கம், தமிழர் "எனக்கு நீந்தத் தெரியும்" என்பார். தெலுங்கர் "நாக்கு ஈத வச்சு" என்பார். இரண்டும் கற்றறிந்த திறமையைக் குறிப்பன. உடல் வலிமையையோ வாய்ப்பையோ குறிக்கும்போது நாம் "என்னால் நீந்த முடியும்" என்கிறோம்; அவர் "நேனு ஈதகலனு" என்கிறார். ஆகவே, கால் சுளுக்கிய ஒருவர், "நீந்தத் தெரியும், இன்று முடியாது" என்றால் அதில் முரண்பாடு இல்லை.

ஆங்கிலமோ இவ்விரண்டையும் 'கேன்' என்னும் ஒரே துணைவினையில் அடக்குகிறது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'அறிதல்' என்பதே பொருள். நம்முடைய 'தெரியும்' சென்ற வழியிலேயே அதுவும் சென்றிருக்கிறது. எதிர்காலத்தில் மட்டும் அதற்கு வடிவம் இல்லை. 'வில் பீ ஏபிள் டு' என்றே கூறவேண்டும்.

இறந்தகாலத்தில் நிலைமை தலைகீழாகிறது. நமக்கு 'முடிந்தது' என்னும் ஒரு சொல் போதும்; ஆங்கிலம் அதனை இரண்டாகப் பிரிக்கிறது. பத்து வயதில் நீந்த முடிந்தது என்பது பொதுவான ஆற்றல். அதற்கு 'குட்' பொருந்தும். நேற்று ஆற்றைக் கடக்க முடிந்தது என்பதோ ஒருமுறை நிறைவேறிய செயல். அதற்கு 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். காணுதல், கேட்டல் போன்ற வினைகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. முடியவில்லை என்பதற்கு இரண்டு இடத்திலும் 'குட் நாட்' போதும்.

இவ்வேறுபாடு இலக்கண ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. "நிலுவைக் கணக்குகளை ஓராண்டில் தீர்க்க முடிந்தது" என்று எண்ணி, விண்ணப்பத்தில் 'ஐ குட் கிளியர்' என்று எழுதினால், படிக்கும் அதிகாரி "தீர்க்கக்கூடும்" என்றே பொருள் கொள்ளலாம். உழைத்துப் பெற்ற வெற்றி வெறும் உத்தேசமாகச் சுருங்கிவிடும். 'ஐ வாஸ் ஏபிள் டு கிளியர்' என்றோ, இன்னும் எளிதாக 'ஐ கிளியர்ட்' என்றோ எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை.

எனவே, எழுதுமுன் நம் மனத்திலுள்ள 'முடிந்தது' எவ்வகையது என்று ஒருகணம் வினவிக்கொள்வோம். ஆற்றலாயின் 'குட்'; நிறைவேறிய செயலாயின் 'வாஸ் ஏபிள் டு'. நாம் செய்து முடித்ததைப் பிறர் செய்து முடித்ததாகவே அறிதல் வேண்டும் அன்றோ?